டாமி ஃபிரேசியர்

டாமி ஃபிரேசியர் (பிறப்பு: ஜூலை 16, 1974) அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்ட வரலாற்றின் சிறந்த குவார்ட்டர்பேக்குகளுள் ஒருவர் ஆவார். 1992 முதல் 1995 வரை நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். தொடக்க ஆட்டக்காரராக இவர் களமிறங்கிய 36 ஆட்டங்களில் அவ்வணி 33 ஆட்டங்களில் வென்று 3 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. 1994, 1995 ஆகிய இரு பருவங்களிலும் நெப்ராஸ்கா ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய வாகைப் பட்டம் பெற்றது. எனினும் ஃபிரேசியர் அமெரிக்காவின் தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றில் கூட ஆடியதில்லை. 21 வயதில், தன் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோதே, இவரது விளையாட்டு வாழ்க்கை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதற்கு இவரது உடல்நலம் ஒரு காரணம். இவர் ஆடிய ஆட்டமுறை மற்றொரு காரணம்.

ஆட்டமும் குவார்ட்டர்பேக்கும்

அமெரிக்கக் காற்பந்தாட்டம் பெயரில்தான் காற்பந்தாட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே இதில் முதன்மையானவை. ஒவ்வோர் அணியிலும் 11 பேர் களத்தில் இருப்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் குறைந்தது 10 கெஜம் (சுமார் 9 மீட்டர்) முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடப்பது டச்டவுன் எனப்படும். அதற்கு 6 புள்ளிகள்.

குவார்ட்டர்பேக் என்பவர் தாக்கும் அணியின் நடுநாயகம். ஒவ்வொரு முயற்சியும் பந்து இவர் கைக்கு வருவதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அதைத் தொலைவில் ஓடும் வீரருக்கு எறிவதா, அருகில் உள்ளவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை ஓரிரு நொடிகளில் இவர் முடிவு செய்ய வேண்டும். துடுப்பாட்டத்தில் அணித்தலைவரும் பந்துவீச்சாளரும் ஒருவரே என்று வைத்துக்கொண்டால் இவ்விடத்தின் சுமை ஓரளவு விளங்கும்.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் என்பது நம் நாட்டில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி போன்றதன்று. நெப்ராஸ்கா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. எனவே லிங்கன் நகரில் உள்ள பல்கலைக்கழக அணியே மாநில மக்கள் அனைவருக்குமான அணி. அங்குள்ள நினைவு விளையாட்டரங்கில் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டுகள் முழுதும் விற்றுத் தீர்ந்து வந்துள்ளன. ஃபிரேசியர் ஆடிய காலத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் சிவப்பு உடையில் அங்கு கூடினர். தொலைக்காட்சி உரிமம், நுழைவுச்சீட்டு ஆகியவற்றால் பெரும் வருவாய் ஈட்டிய இந்த ஆட்டத்தில் அக்காலத்தில் வீரர்களுக்கு ஊதியம் இருக்கவில்லை. கல்விக் கட்டணம், உறைவிடம், உணவு ஆகியவற்றுக்கான உதவித்தொகை மட்டுமே இருந்தது. தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டக் கல்லூரி வீரர்களுக்கு 2021-இல்தான் அனுமதி கிடைத்தது. ஊதியம் வேண்டுவோர் என்.எஃப்.எல். அணிகளால் தேர்ந்தெடுக்கப்படுவது ஒன்றே அதுவரை பெருவழியாக இருந்தது.

ஆப்ஷன் ஆட்டமுறை

1973 முதல் 1997 வரை நெப்ராஸ்காவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாம் ஆசுபர்ன், எறிவதைவிட ஓடுவதையே பெரிதும் நம்பியவர். அவர் அணியின் ஆயுதம் ஆப்ஷன், அதாவது 'தெரிவு', எனப்படும் முறை ஆகும்.

பொதுவாக ஒரு முயற்சியில் யார் பந்துடன் ஓடுவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஆப்ஷன் முறையில் அது முடிவாகியிருக்காது. பந்தைப் பெற்ற குவார்ட்டர்பேக் எதிரணித் தடுப்பாளர்களின் வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடுவார். முதலில், நடுவே பாயும் ஃபுல்பேக் என்னும் வலுவான வீரரிடம் பந்தைக் கொடுக்கலாம். கொடுக்காவிடில் மேலும் ஓடி, வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை நெருங்குவார். அந்த ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே எவரும் மறிக்காமல் விட்டிருப்பார்கள். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், பந்து பின்னால் ஓடிவரும் மற்றொரு வீரருக்குத் தட்டிவிடப்படும். அவர் அந்த மற்றொரு வீரரை நோக்கி நகர்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு இடைவெளியில் நுழைவார். தடுப்பாளர் எதைச் செய்தாலும் அது பிழையாகவே முடியும். அவரை மறிக்க ஆள் தேவைப்படாததால், தாக்கும் அணிக்கு வேறிடத்தில் ஒருவர் மிகுதியாகக் கிடைக்கிறார்.

கணக்கு எளிது. ஆனால் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, மோதலுக்கு அரை நொடிக்கு முன் எதிராளியின் தோளும் இடுப்பும் எப்பக்கம் திரும்புகின்றன என்று கண்டு தெரிவு செய்ய வேண்டும். தெரிவு சரியாக இருந்தாலும் பெரும்பாலும் அடி விழும். இதில் ஃபிரேசியர் கைதேர்ந்தவர்.

இளமையும் முதல் பருவமும்

ஃபிரேசியர் புளோரிடா மாநிலத்தின் பிரேடன்டன் நகரில் பிறந்தார். அங்குள்ள மனாட்டீ உயர்நிலைப் பள்ளியில் ஆடியபோதே பல பல்கலைக்கழகங்களின் கவனத்தை ஈர்த்தார். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் நெடுங்காலமாக ஆப்பிரிக்க அமெரிக்க இளைஞர்களுக்கு குவார்ட்டர்பேக் இடம் எளிதில் தரப்படவில்லை. பள்ளியில் அவ்விடத்தில் ஆடியவர்களும் பின்னர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். நெப்ராஸ்காவில் நிலைமை சற்று வேறு. 1980-களின் தொடக்கத்தில் டர்னர் கில் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கர் அங்கு புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்காக விளங்கினார். ஃபிரேசியர் சேர்ந்த 1992-இல் அதே கில் குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தார்.

புதிய மாணவர்களை ஓராண்டு காத்திருக்க வைப்பதே வழக்கம். ஃபிரேசியரோ முதற்பருவத்தின் நடுவிலேயே, அக்டோபர் 1992-இல் மிசூரிக்கு எதிரான ஆட்டத்தில், தொடக்க ஆட்டக்காரர் ஆனார். அதற்கடுத்த ஆட்டத்தில் வலுவான கொலராடோ அணியை நெப்ராஸ்கா 52–7 என்று வென்றது. பின்னர் அயோவா ஸ்டேட் அணியிடம் 10–19 எனவும், ஜனவரி 1, 1993 அன்று நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட் அணியிடம் 14–27 எனவும் தோற்றது. ஃபிரேசியரின் மூன்று தோல்விகளில் இரண்டு இவ்வாறு முதல் ஆண்டிலேயே முடிந்துவிட்டன.

1 நிமிடம் 16 நொடி

அக்காலத்தில் உயர்நிலைக் கல்லூரி அணிகளுக்கு முறையான இறுதிப் போட்டி கிடையாது. செய்தியாளர்களும் பயிற்சியாளர்களும் தனித்தனியே வாக்களித்து முதலிடத்தை முடிவு செய்தனர். புத்தாண்டை ஒட்டி நடக்கும் பௌல் ஆட்டங்களில் முதல் இரு இடங்களில் உள்ள அணிகள் சந்தித்துக்கொண்டால் அதுவே இறுதிப் போட்டியாகக் கருதப்பட்டது. ஆசுபர்ன் இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் வென்று வந்தாலும் தேசிய வாகைப் பட்டம் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. 'பெரிய ஆட்டத்தில் வெல்லத் தெரியாதவர்' என்ற பேச்சும் அவரைத் தொடர்ந்தது.

1993 பருவத்தில் நெப்ராஸ்கா தன் 11 ஆட்டங்களையும் வென்று, ஜனவரி 1, 1994 அன்று மீண்டும் ஆரஞ்சு பௌலில் புளோரிடா ஸ்டேட்டை எதிர்கொண்டது. புளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் சார்லி வார்டு அவ்வாண்டின் ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். புளோரிடா ஸ்டேட் எளிதில் வெல்லும் என்றே பெரும்பாலோர் கருதினர். ஆட்டம் அவ்வாறு அமையவில்லை. முடிய 1 நிமிடம் 16 நொடி இருக்கையில் நெப்ராஸ்கா 16–15 என முன்னிலை பெற்றது. ஆனால் எஞ்சிய அந்த நேரத்துக்குள் புளோரிடா ஸ்டேட் 3 புள்ளிகள் எடுத்தது. கடைசி நொடியில் நெப்ராஸ்கா 45 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு இடப்புறமாக விலகிச் சென்றது. முடிவு 18–16. தோற்ற அணியில் இருந்தும் ஃபிரேசியர் தம் அணியின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்யப்பட்டார்.

அடுத்த பருவத்துக்கான பயிற்சிக் காலத்தில் நெப்ராஸ்கா வீரர்கள் தம் அரங்கின் கடிகாரத்தை 1:16 என்று நிறுத்தி வைத்து உடற்பயிற்சி செய்தனர்.

இரத்த உறைவு

1994 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களை நெப்ராஸ்கா பெரும் வித்தியாசத்தில் வென்றது. அதன்பின் ஃபிரேசியரின் வலது காலில், முழங்காலுக்குப் பின்புறம், இரத்தம் உறைந்திருப்பது கண்டறியப்பட்டது. காலின் சிரையில் உறையும் இரத்தம் பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து. உறைவைத் தடுக்கும் மருந்துகளோ காயம் பட்டால் இரத்தப்போக்கு நிற்காமல் செய்துவிடும். ஆகவே நாள்தோறும் மோதி விழும் ஓர் ஆட்டக்காரருக்கு நோயும் ஆபத்து, மருந்தும் ஆபத்து. சிகிச்சைக்குப் பின் உறைவு மீண்டும் தோன்றியதால் எஞ்சிய எட்டு ஆட்டங்களிலும் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கவில்லை.

அவ்விடத்துக்கு வந்தவர் கேன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூக் பெரிங்கர். இவர் ஃபிரேசியரைவிட உயரமானவர், எறிவதில் வல்லவர், ஓட்டத்தில் அவருக்கு இணையல்லர். வயோமிங்குக்கு எதிரான ஆட்டத்தில் இவருக்கு நுரையீரல் சுருங்கும் காயம் ஏற்பட்டது. ஆயினும் தான் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஏழு ஆட்டங்களிலும் அணியை வெற்றி பெறச் செய்தார். ஃபிரேசியர் இல்லாமலேயே நெப்ராஸ்கா தோல்வியின்றி மீண்டும் ஆரஞ்சு பௌலுக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அணி எவருடையது என்ற கேள்வி மாநிலம் முழுவதும் விவாதிக்கப்பட்டது.

ஜனவரி 1, 1995 அன்று, மயாமி அணியின் சொந்த அரங்கிலேயே நடந்த அந்த ஆட்டத்தை உடல்நலம் தேறிய ஃபிரேசியர் தொடங்கினார். மூன்று மாதங்கள் ஆடாதவரின் தடுமாற்றம் தெரிந்தது. அவர் எறிந்த பந்து எதிராளி கையில் சிக்கியது. பெரிங்கர் உள்ளே வந்து நெப்ராஸ்காவின் முதல் டச்டவுனை எறிந்து கொடுத்தார். நான்காம் காற்பகுதி தொடங்கும்போது மயாமி 17–9 என முன்னிலையில் இருந்தது. பெரிங்கரின் ஓர் எறிவு எதிராளியிடம் சிக்கிய பின் ஆசுபர்ன் மீண்டும் ஃபிரேசியரை அழைத்தார்.

மயாமியின் தடுப்பு வரிசை வேகத்துக்குப் பெயர் பெற்றது, பின்னாளில் என்.எஃப்.எல். புகழ் பெற்ற வாரன் சாப் அதில் இருந்தார். ஆனால் அவர்கள் களைத்திருந்தனர். மேலும், ஃபிரேசியர் களத்தில் இருந்தால் அவர் பக்கவாட்டில் ஓடுவார் என்று எதிர்பார்த்து அவர்கள் கவனம் ஓரங்களுக்குச் சென்றது. ஃபிரேசியர் பந்தை நடுவில் கொடுத்தார். ஃபுல்பேக் கோரி ஸ்லெசிங்கர் 15 கெஜம் ஓடி ஒரு டச்டவுனும், சில நிமிடங்களில் 14 கெஜம் ஓடி மற்றொன்றும் எடுத்தார். இரண்டிலும் ஃபிரேசியர் ஓடவில்லை. ஓடுவார் என்ற அச்சமே வேலை செய்தது. நெப்ராஸ்கா 24–17 என வென்றது. ஆசுபர்னுக்கு 22 பருவங்களுக்குப் பின் கிடைத்த முதல் தேசிய வாகைப் பட்டம் இதுவாகும். அவ்வாண்டில் தோற்காத மற்றோர் அணியான பென் ஸ்டேட் இரண்டாம் இடம் பெற்றது. இவ்விரு அணிகளும் மோதியிருக்க வேண்டும் என்ற குறை அதன் ஆதரவாளர்களிடம் நெடுநாள் நீடித்தது.

1995 பருவம்

1995-ஆம் ஆண்டு நெப்ராஸ்கா அணி கல்லூரி ஆட்ட வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளைப் பட்டியலிடும்போதெல்லாம் முன்வரிசையில் இடம்பெறுகிறது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 53 புள்ளிகள் எடுத்தது. 12 ஆட்டங்களில் எந்த எதிரணியும் 14 புள்ளிகளுக்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்கவில்லை. ஃபிரேசியர் எறிந்து 17 டச்டவுன்களும் ஓடி 14 டச்டவுன்களும் எடுத்தார்.

களத்துக்கு வெளியே இப்பருவம் அவ்வளவு தூய்மையானதாக இல்லை. அணியின் முதன்மை ஓட்டக்காரரான லாரன்ஸ் பிலிப்ஸ் தன் முன்னாள் தோழியைத் தாக்கியதற்காகக் கைது செய்யப்பட்டு, ஆறு ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆசுபர்னின் இந்த முடிவு நாடெங்கும் கண்டிக்கப்பட்டது. அவ்வணியைப் பற்றிய எந்த மதிப்பீடும் இதைத் தவிர்த்துவிட முடியாது.

இறுதி ஆட்டமாக, ஜனவரி 2, 1996 அன்று அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் ஃபியஸ்டா பௌல் நடந்தது. எதிரணி புளோரிடா, அதுவும் தோல்வி காணாதது. பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர், குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபல் ஆகியோரின் கீழ் அது எறிதல் ஆட்டத்தில் சிறந்து விளங்கியது. ஆகவே இது இரு அணிகளின் ஆட்டமாக மட்டுமன்றி, ஓட்டமும் எறிதலும் மோதும் ஆட்டமாகவும் பார்க்கப்பட்டது. முதல் காற்பகுதியின் முடிவில் புளோரிடா 10–6 என முன்னிலை பெற்றது. இரண்டாம் காற்பகுதியில் நெப்ராஸ்கா மட்டும் 29 புள்ளிகள் எடுத்தது.

மூன்றாம் காற்பகுதியின் இறுதியில் நிகழ்ந்த ஓர் ஓட்டமே ஃபிரேசியரின் பெயரைக் கேட்டதும் அமெரிக்க இரசிகர் பலருக்கு நினைவுக்கு வருவது. நெப்ராஸ்காவின் 25 கெஜக் கோட்டிலிருந்து வலப்புறமாக ஓடிய அவரைப் புளோரிடாவின் தடுப்பாளர்கள் பலர் சூழ்ந்து பிடித்தனர். ஒரு கணம் அவர் நின்றேவிட்டார். ஆட்டம் நிறுத்தப்படும் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர் கால்கள் நகர்வதை விடவில்லை. பிடித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி விழ, கூட்டத்திலிருந்து வெளிவந்து 75 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். அவ்வாட்டத்தில் 16 ஓட்டங்களில் 199 கெஜம் கடந்தார். அணி ஓடியே கடந்த மொத்தத் தொலைவு 524 கெஜம். நெப்ராஸ்கா 62–24 என வென்றது. முதல், இரண்டாம் இடங்களில் உள்ள அணிகள் மோதும் ஆட்டத்தில் இவ்வளவு வித்தியாசத்தை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

தேசிய வாகையை முடிவு செய்யும் ஆட்டங்களில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஃபிரேசியர் பெற்றார். அவற்றுள் முதலாவது தோற்ற ஆட்டம்.

ஹைஸ்மன் கோப்பை

ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் கோப்பை 1995-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஓட்டக்காரர் எட்டி ஜார்ஜுக்குச் சென்றது. அவர் 1460 புள்ளிகளும், ஃபிரேசியர் 1196 புள்ளிகளும், வெர்ஃபல் 987 புள்ளிகளும் பெற்றனர். வாக்களிப்பு பௌல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். டெம்பியில் ஃபிரேசியர் ஓடியதை எந்த வாக்காளரும் கணக்கில் எடுத்திருக்க வழியில்லை. ஜார்ஜின் பருவமும் சிறப்பானதே. எனினும் ஒரு மாதம் கழித்து வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற கருத்து நெப்ராஸ்காவுக்கு வெளியேயும் உண்டு. மூத்த ஆண்டின் சிறந்த குவார்ட்டர்பேக்குக்கு உரிய ஜானி யூனிடஸ் விருது அவ்வாண்டு ஃபிரேசியருக்குக் கிடைத்தது.

கல்லூரி வாழ்க்கை முழுவதிலும் அவர் எறிந்து 3521 கெஜமும் ஓடி 1955 கெஜமும் கடந்தார்; எறிந்து 43 டச்டவுன்களும் ஓடி 36 டச்டவுன்களும் எடுத்தார்.

தொழில்முறை ஆட்டம் கிட்டாமை

ஏப்ரல் 1996-இல் நடந்த என்.எஃப்.எல். வீரர் தேர்வில் ஃபிரேசியரை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. இரத்த உறைவு மீண்டும் வரக்கூடும் என்ற மருத்துவ அச்சம் இதற்கு உடனடிக் காரணம். பல இலட்சம் டாலர் முதலிடும் அணிகள் அந்த ஆபத்தை ஏற்க முன்வரவில்லை.

உடல்நலம் மட்டும் தடையாக இருந்திருந்தால் இக்கதை எளிதாகியிருக்கும். அன்றைய என்.எஃப்.எல். அணிகள் குவார்ட்டர்பேக் தம் இடத்தில் நின்று களத்தைப் பார்த்து எறிபவராக இருக்க வேண்டும் என்றே விரும்பின. தொழில்முறைத் தடுப்பாளர்கள் மிக வேகமானவர்கள். விலைமதிப்புள்ள குவார்ட்டர்பேக்கை ஆட்டத்துக்கு பத்துப் பதினைந்து முறை அவர்களிடம் அடிவாங்க விடுவது அறிவீனம் என்று கருதப்பட்டது. 1994-இல் ஃபிரேசியரை வென்ற சார்லி வார்டும் என்.எஃப்.எல்.-இல் ஆடவில்லை, அவரையும் எந்த அணியும் தேர்ந்தெடுக்காததால் அவர் நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியில் சேர்ந்தார். நெப்ராஸ்காவிலேயே 2001-இல் ஹைஸ்மன் கோப்பை வென்ற எரிக் கிரவுச்சை என்.எஃப்.எல். அணி பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரராகத்தான் தேர்ந்தெடுத்தது. கல்லூரி ஆட்டம் தொழில்முறை ஆட்டத்துக்கான பயிற்சிக் களம் என்ற பொதுக் கருத்து இவர்கள் விடயத்தில் பொருந்தவில்லை. கல்லூரியில் எதைச் செய்து வென்றார்களோ, அதற்கு மேலே வேலை இல்லை.

இந்நிலை பின்னர் மாறியது. 2010-களில் ஓடக்கூடிய குவார்ட்டர்பேக்குகளுக்கு ஏற்ப என்.எஃப்.எல். அணிகள் ஆப்ஷன் முறையின் கூறுகளைத் தம் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டன. கல்லூரியில் 2016-இல் ஹைஸ்மன் வென்ற லாமார் ஜாக்சன், 2019, 2023 பருவங்களில் என்.எஃப்.எல்.-இன் மிகு மதிப்புள்ள ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

அதே 1996 தேர்வு நெப்ராஸ்காவில் வேறொரு துயரத்துடன் நினைவுகூரப்படுகிறது. என்.எஃப்.எல். வாய்ப்பை எதிர்நோக்கியிருந்த புரூக் பெரிங்கர், தேர்வுக்கு இரு நாட்கள் முன்பு, ஏப்ரல் 18 அன்று, தான் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து இறந்தார். ஓராண்டு முன்பு ஓர் இடத்துக்காகப் போட்டியிட்ட இருவரின் ஆட்டமும் ஒரே வாரத்தில் இவ்வாறு முடிவுக்கு வந்தது. பெரிங்கரும் ஆசுபர்னும் இணைந்து நிற்கும் சிலை லிங்கன் அரங்கின் வெளியே 2006-இல் நிறுவப்பட்டது.

பிற்காலம்

ஃபிரேசியர் 1996-இல் கனடாவின் மொன்றியால் அலூயட்ஸ் அணியில் குறுகிய காலம் இருந்தார். குரோன் நோய் என்னும் குடல் அழற்சி நோயும் அவரைப் பாதித்தது. பின்னர் பயிற்சியாளர் பணிக்கு வந்து, பேய்லர் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2005, 2006 பருவங்களில் நெப்ராஸ்காவின் கிரீட் நகரிலுள்ள டோன் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அங்கு அணி 3 ஆட்டங்களில் வென்று 17 ஆட்டங்களில் தோற்றது. ஆட்டக்காரராகத் தோல்வியை அரிதாகவே கண்டவருக்கு இது கடினமான காலமாக இருந்திருக்க வேண்டும். இரு பருவங்களுக்குப் பின் அப்பணியிலிருந்து விலகினார்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் அவரது 15-ஆம் எண் சட்டைக்கு 1996-இல் ஓய்வளித்துச் சிறப்பித்தது. கல்லூரிக் காற்பந்தாட்டப் புகழ் மண்டபத்துக்கு அவர் 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மண்டபத்தின் விதிகளின்படி, தொழில்முறை ஆட்டத்தில் ஒருவர் செய்ததும் செய்யாததும் அங்கு கணக்கில் கொள்ளப்படுவதில்லை.